ஊதா விளக்கும் ஐந்நூறு ரூபாயும்

வங்கியில் பணம் கட்டப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். கேஷியர் பக்கத்தில் செருப்புப் பெட்டி அளவில் ஒரு கருப்புப் பெட்டி இருக்கும். உள்ளே ஊதா நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். சந்தேகம் வந்தால் நோட்டை அதற்கடியில் நீட்டிப் பார்ப்பார். ஒரு விநாடிதான். பிறகு நோட்டு கட்டோடு சேரும், இல்லையென்றால் கேஷியரின் முகம் மாறும்.

"அதுல அப்படி என்ன சார் தெரியும்?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கவுண்டரில் நின்று பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை, பின்னால் வரிசை நிற்கும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் படித்தது பி.காம். வேதியியலுக்கும் எனக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. ஆனால் தினமும் கையில் புரளும் பொருளாயிற்றே என்று கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தது இது. வேதியியல் வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால் பொறுத்துக்கொள்ளவும் :-)

கொய்னாவில் தெரிந்த நீலம்

கதை நமக்குத் தெரிந்த கொய்னா மருந்தில் தொடங்குகிறது. 1845-இல் இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். கொய்னா கரைத்த நீர் பார்ப்பதற்குச் சாதாரணத் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கிறது. ஆனால் வெயில் பட்டால் அதன் மேற்பரப்பில் அழகான நீலம் தெரிகிறது. நிறமே இல்லாத நீரில் நீலம் எங்கிருந்து வருகிறது?

கேம்பிரிட்ஜில் இருந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852-இல் அதற்கு விடை சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒளி (நாம் இன்று புற ஊதா என்கிறோம்) கொய்னாவுக்குள் போகிறது, கண்ணுக்குத் தெரியும் நீலமாக மாறி வெளியே வருகிறது. ஃப்ளோர்ஸ்பார் என்ற தாதுக்கல்லிலும் இதே மாதிரி ஒளிர்வு தெரிந்ததால், அந்தக் கல்லின் பெயரையொட்டி 'ஃப்ளோரசன்ஸ்' என்று பெயர் வைத்தார்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், இது சில்லறை மாற்றுவது மாதிரி. ஒரு பெரிய நோட்டைக் கொடுக்கிறீர்கள். மாற்றித் தருபவர் கொஞ்சம் கமிஷன் பிடித்துக்கொண்டு சின்ன நோட்டுகளைத் தருகிறார். புற ஊதா ஒளிக்குச் சக்தி அதிகம், அதுதான் பெரிய நோட்டு. பொருள் அதை வாங்கிக்கொண்டு, கொஞ்சத்தை வெப்பமாகக் கழித்துவிட்டு, மீதியைச் சக்தி குறைந்த ஒளியாக, அதாவது நீலமாகவோ பச்சையாகவோ மஞ்சளாகவோ திருப்பித் தருகிறது. கொடுத்ததைவிடப் பெரிய நோட்டு திரும்பி வராது. இதற்கு 'ஸ்டோக்ஸ் விதி' என்றே பெயர்.

இந்தக் கொய்னாவுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஆங்கிலேயர்கள் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனா மரத்தைக் கொண்டுவந்து 1860-களில் நீலகிரியில் நட்டார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் போட்டு, பட்டையிலிருந்து கொய்னா எடுத்தார்கள். மலேரியாவுக்கு அதுதான் அன்றைக்கு மருந்து. எங்கள் ஊதா விளக்கின் கீழ் கொய்னா கலந்த டானிக் வாட்டரை வைத்தால் இன்றைக்கும் அது நீலமாக ஒளிரும். (ஆபீஸ் நேரத்தில் முயற்சி செய்ய வேண்டாம்!)

சாயம் இருந்தது, நிறமி இல்லை

ஒளிரும் சாயங்கள் சீக்கிரமே வந்துவிட்டன. ஜெர்மனியின் அடால்ஃப் ஃபான் பேயர் 1871-இல் ஃப்ளோரசீன் என்ற சாயத்தைத் தயாரித்தார். (பின்னாளில், 1905-இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.) அந்தச் சாயத்தில் சுமார் 10 கிலோவை 1877-இல் டான்யூப் நதி நிலத்துக்குள் மறையும் ஓரிடத்தில் கொட்டினார்கள். இரண்டரை நாளில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருந்த ஆக் என்ற ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. அந்த ஊற்று நீர் போய்ச் சேருவது ரைன் நதியில். டான்யூப் தண்ணீர் பூமிக்கடியில் ரைனுக்குப் போகிறது என்று அப்படித்தான் நிரூபித்தார்கள். ஆக, ஒளிரும் சாயத்தின் ஆரம்ப கால வேலைகளில் ஒன்றே துப்பறியும் வேலைதான்.

ஆனால் சாயம் வேறு, நிறமி வேறு. சாயம் கரையும். நிறமி கரையாமல் பொடியாகவே நிற்கும். பெயின்ட்டிலும் பிளாஸ்டிக்கிலும் அச்சு மையிலும் போட நிறமி வேண்டும். இங்கேதான் சிக்கல். இந்தச் சாயங்களில் பல, நீரிலோ ஆல்கஹாலிலோ நீர்த்துக் கரைந்திருக்கும்போதுதான் ஒளிரும். காய்ந்த பொடியாக்கினால் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றின் ஒளியை இன்னொன்று விழுங்கிவிடும். அதிகம் போட்டால் அதிகம் ஒளிரும் என்று நினைப்போம், நடப்பது தலைகீழ்.

இதைத் தீர்த்த கதையில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் பெர்க்லியைச் சேர்ந்த ஜோ ஸ்விட்சர், பாப் ஸ்விட்சர் என்ற சகோதரர்கள். பாப் டாக்டராக வேண்டும் என்று இருந்தவர். 1933-இல் ரயில் சரக்கு இறக்கும் இடத்தில் விழுந்து தலையில் பலத்த அடி. படிப்புக் கனவு அதோடு போயிற்று. பார்வை தேறும்வரை இருட்டறையில் இருக்கச் சொன்னார்கள். தம்பி ஜோ வேதியியல் படித்தவர், மேஜிக் செய்வதிலும் ஆசை உள்ளவர். இருட்டில் ஒளிரும் பொருள் கிடைத்தால் மேடையில் அசத்தலாமே என்று அவருக்கு ஒரு யோசனை. இருவரும் புற ஊதா விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அப்பாவின் மருந்துக் கடைக்குள் இரவில் போய், எந்தெந்தப் பாட்டில் ஒளிர்கிறது என்று தேடினார்கள். கிடைத்ததை வார்னிஷ் மாதிரி அரக்கில் கலந்து பெயின்ட் செய்தார்கள்.

முதலில் வந்தவை ஊதா விளக்கில் மட்டும் ஒளிர்ந்தன. பிறகு பகல் வெளிச்சத்திலேயே கண்ணைப் பறிக்கும் நிறங்களைச் செய்தார்கள். அதற்கான உத்தி இதுதான்: சாயத்தைப் பிசினில் கரைத்து, அந்தப் பிசினைக் கெட்டியாக்கி, பிறகு மாவு மாதிரி அரைப்பது. சாயம் கரைந்த நிலையிலேயே பிசினுக்குள் உறைந்து நிற்கும். வெளியே பார்த்தால் பொடி, உள்ளே கரைசல். இன்றைக்கும் ஒளிரும் நிறமிகளில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் வருகின்றன. பெரும்பாலும் மெலமின் வகைப் பிசின், துகள் சில மைக்ரான் அளவு.

இரண்டாம் உலகப் போர் இந்த நிறங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர் ஆனது. கீழே நிற்பது நம் படைதான் என்று சொந்த விமானங்களுக்குக் காட்ட ஒளிரும் துணிகளை விரித்தார்கள். விமானம் தாங்கிக் கப்பல்களின் மேல்தளத்தில் இரவில் வேலை செய்தவர்கள் ஒளிரும் உடை அணிந்து, ஊதா விளக்கு வெளிச்சத்தில் விமானங்களை வழி நடத்தினார்கள். போர் முடிந்ததும் விளம்பரப் பலகை, பாதுகாப்பு உடை, பொம்மை என்று பரவியது. சகோதரர்களின் கம்பெனி 1969-இல் 'டே-குளோ' என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அமெரிக்க வேதியியல் சங்கம் 2012-இல் இந்தக் கண்டுபிடிப்பை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

பகலில் ஏன் அப்படிக் கண்ணைப் பறிக்கிறது? வெள்ளைக் காகிதம் தன்மேல் விழுந்த ஒளியைத்தான் திருப்பித் தர முடியும். சாதாரண ஆரஞ்சுப் பெயின்ட் விழுந்ததில் ஆரஞ்சை மட்டும் திருப்பி அனுப்பும், மற்றதை விழுங்கிவிடும். ஒளிரும் ஆரஞ்சோ விழுங்கிய நீலத்தையும் பச்சையையும்கூட ஆரஞ்சாக மாற்றி வெளியே விடுகிறது. அசலோடு வட்டியும் சேர்த்து வருகிற மாதிரி. அதனால்தான் அந்த நிறத்தில் வெள்ளைக் காகிதத்தைவிடப் பிரகாசமாகத் தெரிகிறது.

நம் ஊரில்

டெல்லியில் இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் தொழிலாளர்கள் போட்டிருக்கும் எலுமிச்சைப் பச்சை, ஆரஞ்சு மேல்சட்டை ஒளிரும் துணி. அதில் குறுக்கே ஓடும் வெள்ளிப் பட்டை வேறு சமாச்சாரம். அது வண்டி விளக்கு ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவது. பகலுக்கும் ஜனவரிப் பனிமூட்டத்துக்கும் துணி, இரவுக்குப் பட்டை. நம்மூரில் அந்தப் பட்டையைத்தான் 'ரேடியம் ஸ்டிக்கர்' என்கிறோம். அதில் ரேடியம் துளியும் கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்னால் கைக்கடிகார முள்ளில் நிஜமாகவே ரேடியம் பூசினார்கள். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிப் பூசிய அமெரிக்கத் தொழிலாளிப் பெண்கள் பலர் நோய் வந்து செத்தார்கள். பெயர் மட்டும் நம் பைக் நம்பர் பிளேட் வரை வந்து ஒட்டிக்கொண்டது.

ஒளிரும் நிறத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. வெயில் ஆகாது. எந்த ஒளியை வாங்கிப் பிழைக்கிறதோ அதே ஒளி சாயத்தைச் சிதைத்துவிடும். கடை வாசலில் ஒட்டிய பளபள ரோஸ் போஸ்டர் கொஞ்ச நாளில் பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிடுவது இதனால்தான். சூடும் ஆகாது. பிளாஸ்டிக் வார்க்கும்போது வெப்பம் மீறினால் நிறம் செத்துவிடும். அச்சில் போடும்போது அடியில் வெள்ளைப் பரப்பு வேண்டும், மையும் கொஞ்சம் தடிமனாக விழ வேண்டும்.

ஆடிட்டர்களின் ஆயுதமான மஞ்சள் ஹைலைட்டர் பேனாவும் இதே குடும்பம். ஜெர்மனியின் ஸ்டபிலோ பாஸ் 1971-இல் வந்தது. லெட்ஜரில் மஞ்சள் பட்டை விழுந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், அது தனிக் கதை.

ஆனால் இந்தியக் குடும்பங்களுக்குள் ஒளிர்வு நுழைந்தது பேனா வழியாக அல்ல, சலவை வழியாக. என் வயதுக்காரர்களுக்கு டினோபால் ஞாபகம் இருக்கும். சுவிட்சர்லாந்தின் கெய்கி கம்பெனியின் சரக்கு. பிறகு ராணிபால் என்று வந்தது. சொட்டு நீலம் செய்வது ஒன்று, டினோபால் செய்வது இன்னொன்று. நீலம் துணியின் மஞ்சளை மறைக்கும், அவ்வளவுதான். டினோபால் நிறமில்லாத ஒளிரும் சாயம். பருத்தி இழையில் போய் ஒட்டிக்கொண்டு, வெயிலின் புற ஊதாவை நீல ஒளியாக மாற்றி வெளியே விடும். 'வெள்ளையோ வெள்ளை' என்று நாம் பார்த்தது சுத்தத்தை அல்ல, ஒளிர்வை. இன்றைக்குப் பல சலவைத் தூள்களில் இந்த வகைச் சரக்கு கலந்தே வருகிறது. நாம் எழுதும் வெள்ளைக் காகிதத்திலும் அதைச் சேர்க்கிறார்கள்.

இந்தச் சலவை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

நோட்டுக்குள் வந்த ஒளி

இந்தியாவில் ரூபாய் நோட்டு அச்சடிப்பது 1928-இல் நாசிக்கில் தொடங்கியது. அதற்கு முன் இங்கிலாந்திலிருந்து அச்சாகி வந்தது. நோட்டுக்கான காகிதம் செய்ய ஹோஷங்காபாத்தில் (இப்போது நர்மதாபுரம்) 1968-இல் ஆலை வந்தது. 1970-களில் தேவாஸில் இன்னொரு அச்சகம், மை தயாரிக்கும் பிரிவோடு. 1990-களில் மைசூரிலும் மேற்கு வங்கத்தின் சல்போனியிலும் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் அச்சகங்களைத் தொடங்கியது. நாசிக், தேவாஸ், ஹோஷங்காபாத் எல்லாம் சேர்ந்த அரசு நிறுவனம் 2006-இல் உருவானது. அதன் தலைமை அலுவலகம் இங்கே டெல்லி ஜன்பத்தில் இருக்கிறது.

ரூபாய் நோட்டுக் காகிதம் மரக்கூழ் அல்ல, பருத்தி. அதில் வெண்மையூட்டும் ஒளிர் சாயம் சேர்ப்பதில்லை. அதனால் ஊதா விளக்கின் கீழ் நல்ல நோட்டு மங்கலாக, கிட்டத்தட்ட இருட்டாகத் தெரியும். கடையில் வாங்கிய காகிதத்தில் அடித்த கள்ள நோட்டு, சட்டை காலர் மாதிரி நீலமாகப் பளிச்சென்று அடிக்கும். பளபளப்பது கெட்டது, மங்கலாக இருப்பது நல்லது! மனிதர்களிடமும் பல நேரம் அப்படித்தான், ஆனால் அதற்கு விளக்கு கிடையாது :-)

அந்த இருட்டுக் காகிதத்தில் சில இடங்கள் மட்டும் ஒளிர வேண்டும். 2005-இல் வந்த மகாத்மா காந்தி வரிசை நோட்டுகளைப் பற்றி ரிசர்வ் வங்கி சொன்னவை:

1. நோட்டின் எண் ஒளிரும் மையில் அச்சாகியிருக்கும்.
2. காகிதத்தில் சிதறிக் கிடக்கும் மெல்லிய இழைகள் ஊதா விளக்கில் தெரியும்.
3. பாதுகாப்பு இழை மஞ்சளாக ஒளிரும்.

கேஷியர் பார்ப்பது இதைத்தான். இருட்டு மைதானத்தில் எண், இழைகள், நடுவே ஒரு மஞ்சள் கோடு.

இந்த வேலைக்கான மை போஸ்டர் மை மாதிரி அல்ல. சில வகைகள் பகலில் நிறமே தெரியாமல் இருந்து விளக்கில் மட்டும் எழும். யூரோ நோட்டின் சிவப்பு ஒளிர்வுக்குக் காரணம் யூரோப்பியம் என்ற தனிமத்தின் சேர்மம் என்று நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் எழுதினார்கள். யூரோவுக்கு யூரோப்பியம், பொருத்தமான வேடிக்கை. இந்தியாவும் பாதுகாப்பு மைகளுக்கு வெளிநாட்டையே நம்பியிருக்காமல் இருக்க, மைசூரில் 'வர்ணிகா' என்ற மை ஆலையைத் தொடங்கியது. 2022 மார்ச்சில் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள், ஆண்டுக்கு 1,500 டன் திறன்.

இரண்டு நோட்டுகள்

இப்போது கவுண்டருக்கு வருவோம். ஊரையும் கிளையையும் சொல்லவில்லை, பணியிட மாற்றம் பல பார்த்தாயிற்று.

ஒரு நாள் விழுப்புரம் பக்கத்து அம்மா ஒருவர், இங்கே நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பணம் கட்ட வந்தார். அதில் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டு ஊதா விளக்கின் கீழ் முழுக்க நீலமாக எரிந்தது. கேஷியர் பெண் "நக்லி ஹை" என்று தள்ளி வைத்துவிட்டார். அந்த அம்மா என் மேஜைக்கு ஓடி வந்தார்.

"சார், நம்ம ஊர்க்காரர்தானே நீங்க? அது நல்ல நோட்டு சார். மேடம் கையால குடுத்தது."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் காந்தி நீர்க்குறி இருந்தது. இழை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியது. விரலில் அச்சின் மேடு, கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், தட்டுப்பட்டது. மறுபடி விளக்கில் வைத்தேன். காகிதம் நீலமாக எரிந்தாலும் எண்ணும் மஞ்சள் இழையும் அந்த நீலத்துக்குள் இருந்தன.

"அம்மா, இந்த நோட்டு துணியோட மிஷின்ல போச்சா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா சார், சுடிதார் பையில மறந்துட்டேன். காய வெச்சுதான் எடுத்தாந்தேன்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். பருத்தித் துணிக்கென்றே செய்த வெண்மைச் சாயம், பருத்தியால் ஆன நோட்டிலும் போய் ஒட்டிக்கொண்டது. சலவைத் தூளுக்குச் சட்டைக்கும் காந்திக்கும் வித்தியாசம் தெரியாது. நோட்டு நல்ல நோட்டு. வாங்கி வரவு வைத்தோம்.

இன்னொரு நாள், பேட்டரி ரிக்‌ஷா ஓட்டும் பையன் ஒருவன். பீகார்க்காரன், இருபது வயது இருக்கும். அவன் கொண்டுவந்த ஐந்நூறும் நீலமாக எரிந்தது. ஆனால் இதில் எண் ஒளிரவில்லை. இழை இருந்த இடத்தில் வெள்ளிப் பெயின்ட் கோடு. விரலுக்கு வழவழப்பு. சந்தேகமே இல்லை.

இங்கே விதி தெளிவு. கள்ள நோட்டு என்று தெரிந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அதைப் புழக்கத்தில் விட வங்கியே துணைபோனதாக ஆகும். 'கள்ள நோட்டு' முத்திரை குத்திப் பறிமுதல் செய்ய வேண்டும். வாடிக்கையாளருக்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் நான்கு நோட்டு வரை என்றால் மாதக் கடைசியில் போலீசுக்கு மொத்த அறிக்கை. ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் முதல் தகவல் அறிக்கை. பதிலுக்கு நல்ல நோட்டு? கிடையாது.

அவனுக்கு அது ஒரு நாள் வண்டி வாடகை. சீட்டை வாங்கிக்கொண்டு, "யே காகஸ் கா க்யா கரூ(ம்), சாப்?" என்று கேட்டான். இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று. சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

செக்குக்கும் இதே விளக்கு

நோட்டோடு நிற்கவில்லை இது. 2008 பிப்ரவரி 1-ஆம் தேதி, காசோலையை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகாமல் அதன் படத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கும் சி.டி.எஸ். முறை நாட்டிலேயே முதலில் இங்கே, டெல்லி தலைநகர வட்டாரத்தில்தான் தொடங்கியது. சென்னைக்கு 2011-இல் போனது. படம் மட்டும் போகிறது என்றால் நிஜக் காகிதத்தைக் கையில் வைத்துப் பார்ப்பவர் யார்? பணம் கொடுக்கும் வங்கி அல்ல, காசோலையை வாங்கிப் போடும் வங்கி.

அதனால் 2010-இல் 'சி.டி.எஸ்.-2010' என்று காசோலைக்கு ஒரு தர அளவு வந்தது. காகிதம் ஊதா விளக்கில் மங்கலாக இருக்க வேண்டும். வங்கியின் சின்னம் கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் மையில் அச்சாகியிருக்க வேண்டும். உங்கள் செக்புக்கை ஊதா விளக்கில் வைத்தால் வங்கிச் சின்னம் எழுந்து வரும். 2014 நவம்பரில், காசோலை மோசடிகள் பற்றிய சுற்றறிக்கையில், 2 லட்சம் ரூபாய் என்பது போன்ற ஒரு வரம்புக்கு மேற்பட்ட காசோலைகளை ஊதா விளக்கில் பார்க்கும்படி ரிசர்வ் வங்கி சொன்னது.

இந்த மை கண்டுபிடிப்பது இரண்டு விதமான திருட்டை. காகிதமே போலி என்றால் சின்னம் எழாது. காகிதம் நிஜம், ஆனால் பெயரையோ தொகையையோ ரசாயனத்தால் அழித்துத் திருத்தியிருந்தால், அழித்த இடம் விளக்கில் திட்டாகத் தெரிய வாய்ப்பு அதிகம். 2021 ஜனவரி முதல் 'பாசிட்டிவ் பே' வந்தது. பெரிய தொகைக்குச் செக் எழுதினால் விவரத்தை முன்கூட்டியே நாம் வங்கிக்குச் சொல்லிவிடும் முறை. காகிதத்தை மட்டும் நம்பியது போதாது என்ற முடிவுதான் அது.

விளக்கு யாரிடம் இருக்கிறது?

கள்ள நோட்டு அடிப்பவனும் சும்மா இருப்பானா? ஒளிரும் மை வெளிச் சந்தையிலும் உண்டு. ஒளிராத காகிதமும் தேடினால் கிடைக்கும். எனவே விளக்கில் தேறிவிட்டது என்பதாலேயே ஒரு நோட்டு நல்லதாகிவிடாது. விளக்கில் தவறியது என்பதாலேயே கெட்டதாகிவிடாது என்பதை அந்த அம்மாவின் நோட்டு காட்டியது. விளக்கு ஒரு சாட்சி. தீர்ப்புக்கு ஒரு சாட்சி போதாது.

2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது சொன்ன காரணங்களில் கள்ள நோட்டும் ஒன்று. அந்த நிதியாண்டில் (2016-17) வங்கி அமைப்புக்குள் கண்டுபிடித்த கள்ள நோட்டுகள் 7,62,072. 2022-23-இல் அது 2,25,769 ஆகக் குறைந்தது. இதில் 95 சதவீதத்துக்கு மேல் பிடிபட்டது ரிசர்வ் வங்கியில் அல்ல, எங்களைப் போன்ற சாதாரண வங்கிகளில். அதாவது கவுண்டர்களிலும் நோட்டு எண்ணும் மிஷின்களிலும்.

நான் இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு கள்ள நோட்டு பத்துப் பேர் கை மாறி வருகிறது என்று வையுங்கள். ஒன்பது பேருக்கு அதனால் நஷ்டமில்லை. பத்தாவது ஆள் வங்கிக்கு வருகிறார், அங்கே விளக்கு இருக்கிறது, நஷ்டம் முழுக்க அவர் தலையில். கணக்குப் படித்தவனுக்கு இது வினோதமான கணக்கு. யார் நேர்மையாகக் கொண்டுபோய் வங்கியில் கட்டுகிறாரோ அவர்தான் இழக்கிறார். அதுவும் யார்? பெரிய கடைக்காரர் பகீரத் பேலஸ் சந்தையில் ஒரு விளக்கு வாங்கிக் கல்லாவில் வைத்துக்கொள்வார். ரிக்‌ஷாக்காரரும் காய்கறிக்காரரும் தெருவிளக்கு வெளிச்சத்தில் நோட்டு வாங்குகிறவர்கள். ஒளிரும் மை அவர்களுக்காக அச்சடித்தது அல்ல. விளக்கு வைத்திருப்பவருக்காக அச்சடித்தது.

சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் இரக்கமாக இருக்கிறது. 2001-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சத்தீஸ்கரில் மாம்பழம் வாங்கக் கள்ள நூறு ரூபாய் கொடுத்ததாக ஒரு இளைஞர் மேல் குற்றச்சாட்டு. கள்ள நோட்டு என்று தெரிந்தே வைத்திருந்தார் என்று நிரூபிக்க வேண்டும், கையில் இருந்ததே குற்றம் ஆகாது என்று சொல்லி விடுவித்தார்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், தெரிந்தே செய்வதுதான் குற்றம். ஜெயில் பயம் வேண்டாம். ஆனால் ஐந்நூறு ரூபாய் போனது போனதுதான்.

நல்ல நோட்டு அடிப்பவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. நோட்டின் பாதுகாப்பை மூன்று அடுக்காகச் சொல்வது வழக்கம். வெறும் கண்ணும் விரலும் போதுமானவை முதல் அடுக்கு. விளக்கும் மிஷினும் வேண்டியவை இரண்டாவது. மத்திய வங்கிக்கு மட்டும் தெரிந்தவை மூன்றாவது. ஒளிரும் மை இரண்டாம் அடுக்கு. நம் கையில் இருப்பது முதல் அடுக்கு. அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்? இப்போதுள்ள ஐந்நூறில் (பின்பக்கம் செங்கோட்டை இருக்குமே, அது) பார்க்க வேண்டியவை:

- இடம் வலம் இரண்டு ஓரங்களிலும் ஐந்து சாய்கோடுகள். விரலால் தடவினால் மேடு தெரியும்.
- நோட்டைச் சாய்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறும்.
- முன்பக்கம் வலது கீழே உள்ள 500 என்ற எண்ணும் அப்படியே நிறம் மாறும்.
- வெளிச்சத்தில் பிடித்தால் காந்தி முகம் நீர்க்குறியாகத் தெரியும்.
- எண் வரிசை இடமிருந்து வலம் போகப் போகப் பெரிதாகும்.

இதற்கு ஐந்து விநாடி போதும். மொபைலின் டார்ச் இருந்தால் இரவிலும் பார்க்கலாம். வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும், வாசலில் காய்கறி விற்கும் தாத்தாவுக்கும் ஒரு நல்ல நோட்டை வைத்து இதைக் காட்டிக் கொடுங்கள். வங்கிகள் இதற்காகச் சுவரில் போஸ்டர் ஒட்டுகின்றன. ஆனால் போஸ்டரைப் படிக்கிறவர்கள் ஏமாறுகிறவர்கள் இல்லை.

கடைசியாக, கள்ள நோட்டு கையில் வந்துவிட்டால் "நாமும் வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவோம்" என்று தோன்றும். தெரிந்த பிறகு அதைச் செய்தால் அதுதான் குற்றம், அதற்குத்தான் ஜெயில். வங்கியில் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டைத் துவைக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தப்பித் தவறித் துவைத்துவிட்டால், கேஷியர் முகம் மாறும்போது பயப்படாமல் மேனேஜரைப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, நோட்டை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.